பதிவேட்டில் இல்லாத அந்த நாள்

அக்கா போய் ஓராண்டு ஆகும் இந்த நாளில் வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். அதனால் எழுதித் தருகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஆடலூரில். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அப்பா தவறியபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நான்கு. மறு வாரமே அக்கா கூடையைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டார். கல்யாணமான மூன்றாம் வருடம் மாமா ஜீப் கவிழ்ந்து இறந்தார். குழந்தை இல்லை. அதன்பின் கொடைக்கானலில் என் வீட்டில்தான் இருந்தார். நான் வட்டக்கானலில் ஒரு விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறேன்.

அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரி எது என்று உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. வார்டு கூட்டுவது, எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்கு மலச்சட்டி வைப்பது, அழுக்குத் துணிகளை மூட்டை கட்டித் தலையில் வைத்துச் சரிவில் இறங்கிச் சலவைக் கொட்டகையில் போடுவது அவர் வேலை. மழை மாதங்களில் அந்தச் சரிவு முழுவதும் பாசி பிடித்துக் கிடக்கும். நிரந்தரப் பணியாளர்களுக்கு ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம் போராடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தது. அக்கா காண்ட்ராக்ட் ஆள். தேய்ந்த செருப்புதான்.

காண்ட்ராக்டில் ஒரு வழக்கம் உண்டு. பதினொரு மாதம் முடிந்ததும் சில நாட்கள் பெயரை எடுத்துவிட்டு, மறுபடியும் புது ஆளாகச் சேர்ப்பார்கள். இதற்குப் பெயர் பிரேக். யாரும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. அக்கா அதையும் சிரிப்பாகத்தான் சொல்வார்: "பதிமூணு வருசமா நான் புதுசா சேந்த ஆளுடா. வார்டுல இருக்கிற வாளி எனக்கு சீனியர்."

பெயர் இல்லாத அந்த நாட்களிலும் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடுவார். வந்தவர்களைத்தான் முதலில் திரும்பச் சேர்ப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் செயலாளர் ஸ்டெல்லா அம்மா காண்ட்ராக்ட் ஆட்களையும் கூட்டி, பிரேக் நாளில் ஒருவரும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த பிரேக்கில் ஒரு நாள் சூப்பர்வைசர் என் போனுக்குத்தான் கூப்பிட்டார். நான் அக்காவிடம் சொன்னேன்.

"போகாதீங்கன்னு சங்கத்துல சொல்லியிருக்காகடா."

"சங்கமாக்கா வந்து வேலை குடுக்கும்? வெள்ளனே போயிட்டு வெரசா வந்துரு."

அக்கா போனார். மூன்றாவது மூட்டையோடு இறங்கும்போது பாசியில் வழுக்கி முதுகு அடிபட விழுந்தார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்தவரை அங்கே சேர்க்கவில்லை. சூப்பர்வைசர் ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து போட்டார். "இன்னைக்கு அவுக பேரே புத்தகத்துல இல்ல. வேலைக்கு வந்தாகன்னு தெரிஞ்சா எனக்கும் சோலி போயிரும், அவுகளுக்கும் போயிரும். நாளைக்குக் கூட்டியாங்க. வீட்டுல விழுந்ததாச் சொல்லுங்க. எந்திரிச்சதும் நான் சேத்துக்கிறேன்" என்றார்.

மறுநாள் அதே ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில், எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். "குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அக்கா ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி என்னைப் பார்த்தார்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை.

ஸ்டெல்லா அம்மா விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். அக்கா சங்கத்தில் சேர்ந்தவரும் இல்லை, சங்கத்தின் பேச்சைக் கேட்டவரும் இல்லை. அதை அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. "தம்பி, அன்னைக்கு அவங்க வேலைக்குத்தான் வந்தாங்கன்னு விசாரணையில நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நஷ்டஈடு, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

சங்கம் கேட்டு ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள். ஓ.பி. சீட்டை என் முன்னால் வைத்து, "இது நீ சொன்னதுதானே?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஸ்டெல்லா அம்மா, "தம்பி, சொல்லுங்க, பயப்படாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். சூப்பர்வைசர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்துவிட்டால் அவர் திரும்பச் சேர்த்துக்கொள்வார் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார். "என்னலே சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"சரி, விடு. கஞ்சிய வை, பசிக்கி."

அதற்கப்புறம் இரண்டு வருடம் அக்கா கட்டிலில்தான் கிடந்தார். ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சூப்பர்வைசர் ஒரு தடவையும் வரவில்லை. முதுகில் புண் வந்தது. புண்ணிலிருந்து காய்ச்சல் வந்தது. காய்ச்சலில், "துணி கெடக்கு, துணி கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியே போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெல்லா அம்மாவும் சங்கத்துப் பெண்கள் இருவரும் டியூட்டி முடிந்து முறைவைத்து வந்து, அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைக் கழுவி, என் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆடலூரிலிருந்து சொந்தங்கள் வந்துசேரத் தாமதமானபோது பாடையைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களும் சங்கத்து ஆட்கள்தான். சந்தா கட்டாத ஒருவருக்கு இத்தனையும் செய்தார்கள். அவர்கள் கேட்ட ஒரு வார்த்தையை நான் கொடுக்கவில்லை.

அந்தச் சரிவில் இன்னும் கைப்பிடி போடவில்லை. பிரேக்கும் நடக்கிறது. இப்போது கூப்பிட்டால் எல்லோரும் போகிறார்கள். போன மாதம் ஸ்டெல்லா அம்மாவிடம், "இப்ப நான் வந்து சொன்னா ஏதாச்சும் ஆகுமாம்மா?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு தம்பி" என்றார்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அன்றைக்கு அக்காவின் பெயர் இல்லை. ஓ.பி. சீட்டில் இருப்பது நான் சொன்ன பொய். இனி யாருக்கும் உதவாது என்று தெரிந்தும் இங்கே எழுதுகிறேன். அன்று அக்கா வேலைக்குப் போனார். நான்தான் போகச் சொன்னேன்.

தம்பி