நொண்டி ஆட்டு முட்டியும் எங்கள் குருத்தெலும்பும்

1

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னீஷியன். எலும்பு முனையை வழவழவென்று மூடியிருக்கும் குருத்தெலும்பை மெஷினில் வைத்து அழுத்தி, எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் அதை ரப்பர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அழுத்தினால் உள்ளே இருக்கும் நீர் மெல்லக் கசியும். கிராஃபில் சுமை சட்டென்று ஏறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அழுத்தத்தை எடுத்தால் நீரை உறிஞ்சிக்கொண்டு பழையபடி ஆகிவிடும். நாம் படியேறும் ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் இது நடக்கிறது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

எங்கள் சுகந்தி மேடம் ஆட்டுச் செல்களை ஜெல்லில் கலந்து, இன்குபேட்டரில் ஆறு வாரம் வைத்துக் குருத்தெலும்பு வளர்த்திருந்தார். ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு வியாழக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அதையும் நிஜ ஆட்டு முட்டியிலிருந்து வெட்டிய சாம்பிளையும் அழுத்திப் பார்த்தோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுமையைத் தாங்கின. மேடம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. நான்கு வருஷ உழைப்பு.

எனக்கு ஏதோ உறுத்தியது. ஆட்டு சாம்பிளின் கிராஃப் மளமளவென்று இறங்கியிருந்தது. நீர் தடையில்லாமல் வெளியே ஓடினால்தான் அப்படி இறங்கும். டிரேயில் மிச்சமிருந்த முட்டியை எடுத்துப் பார்த்தேன். பளபளப்பே இல்லை. நகத்தால் தடவினால் பஞ்சு மாதிரி பிசிறு வந்தது.

சொல்லத் தயங்கி டீ வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பி வந்து, இந்த ஆட்டின் மூட்டே தேய்ந்துபோனது மாதிரி இருக்கிறது என்று மேடமிடம் சொன்னேன். அவர் கிராஃபை ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "முட்டி வாங்கின கறிக்கடையக் காட்டுங்க" என்றார்.

2

கடைக்காரர் செல்வத்துக்கு அந்த ஆடு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அது மானாம்பதிலேர்ந்து வந்த கெயட்டு ஆடுக்கா. நொண்டிக்கினு இருந்திச்சி, அதான் வித்துட்டாங்க. நீங்க முட்டி வோணும்னு கேட்டீங்க. வயசு இன்னான்னு கேக்கலியே."

அவர் சொன்னது சரி. கிழட்டு ஆடா என்று விசாரிக்காமல் வாங்கியது நான்தான். மேடமிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்காமல், நொண்டாத ஆடாக ஒன்று கிடைக்குமா என்று செல்வத்திடம் விசாரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ரெண்டு பல்லு கிடாவின், அதாவது ஒன்றரை வயது இளம் ஆட்டின், முட்டி வந்தது. வெட்டும்போதே பிளேடுக்குக் கீழே அதன் கெட்டி தெரிந்தது. மெஷினில் வைத்தோம். எங்களுடையது அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மேடம் குழுவின் முன் இரண்டு கிராஃபையும் போட்டார். முதல் ஆட்டின் மூட்டு தேய்ந்தது, அதை மட்டும் காட்டினால் தவறாகிவிடும் என்று அவராகவே சொன்னார். நான் கடைசி வரிசையில் விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுடையது ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"ஆடு நடக்குது சார். கால்ல பாரம் விழ விழத்தான் குருத்தெலும்பு கெட்டிப்படும். எங்களுது ஆறு வாரமும் டிஷ்ல சும்மா கிடந்துச்சு" என்றார் மேடம்.

அந்தப் பதிலுக்காகவே இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு, இன்குபேட்டருக்குள்ளேயே சாம்பிளை மெல்ல அழுத்தி அழுத்தி விடும் ஒரு சின்ன கருவியைச் செய்யச் சொன்னார். என் முதல் கருவியில் பூஞ்சை பிடித்து மொத்த சாம்பிளும் வீணானது. இரண்டாவது வேலை செய்தது. அதில் வளர்ந்த குருத்தெலும்பு முன்னதைவிட நன்றாகவே கெட்டிப்பட்டது. ஆனாலும் ரெண்டு பல்லு கிடாவை எட்டவில்லை. மேடம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே அதை எழுதினார்.

நம் கையால் செய்ததை நாம் எப்படியும் பத்து தடவை சோதிப்போம். அதற்கு எதிரே எதை வைத்து அளக்கிறோமோ, அதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இதை நான் மேடமிடம் கற்றுக்கொண்டேன்.