வெள்ளை மெத்தையும் என் கட்டியும்

புடவைக் கடை வேலை என்றால், சிரித்த முகத்தோடு ஒரு மலையைப் பிரித்துக் காட்டி, "பார்த்துட்டு வர்றோம்" என்று அவர்கள் போனதும் அதே மலையை மடித்து அடுக்குவதுதான்.

புனேயில் கேம்ப் கடைவீதியில் எங்கள் கடையின் பட்டுப் பிரிவில் நாற்காலி கிடையாது. தரை முழுக்க மெத்தை, அதன்மேல் பளீரென்று வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் வந்தவர்கள், எதிரே காலை மடக்கி நாங்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டியை வைத்துக்கொண்டு, மூன்று நாளில் நிற்க வேண்டியது வாரக்கணக்கில் கொட்டும்போது அந்த வெள்ளையில் உட்கார்ந்து பாருங்கள். உங்களில் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பீர்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்காத புடவை

மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்த மராத்திக்காரம்மா ஒருவர். மேல் தட்டிலிருந்து எடுக்க எழுந்தேன். திரும்பிப் பார்த்தால், நான் உட்கார்ந்த இடத்தில் சிவப்பு வட்டம். யோசிக்கவே இல்லை. பிளாஸ்டிக் உறையோடு இருந்த மெரூன் பட்டொன்றை எடுத்து அதன்மேல் வைத்து மறைத்தேன். பிறகு பச்சை, நீலம், மஞ்சள் என்று பிரித்துத் தள்ளினேன்.

எதைப் பிரித்தாலும் அந்தம்மாவின் கண் மெரூனிலேயே நின்றது. "எல்லாத்தையும் பிரிக்கிறே, அதை மட்டும் ஏன் தொடவே மாட்டேங்கிறே?" என்றார். வேறு வழியில்லை என்று நானும் அதைத் தூக்கப் போனேன். அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார், என் புடவையில் இருந்த கறையையும் பார்த்துவிட்டார். சட்டென்று உறையின்மேல் கை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இது இங்கேயே இருக்கட்டும், நான் இன்னொரு நாள் வந்து பார்த்துக்கிறேன். நீ முதல்ல எழுந்து போய்ட்டு வாம்மா."

சேட்டின் தீர்ப்பு

விரிப்பு சலவைக்குப் போனது, விஷயம் சேட்டிடம் போனது. எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வெள்ளை விரிப்பில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள் என்று நம்புகிறவர். "அந்த நாள்ல நீ பின்னாடி குடோன்ல புடவை மடி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

ஏரவாடாவிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவது குடோனில் பூச்சி உருண்டை வாசம் பிடிக்கவா? தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்கூடம் மட்டுமே பார்த்த நான், புனே வந்த பிறகு இந்தியும் மராத்தியும் கற்று, பட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவள். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை. "சேட்ஜி, எது அந்த நாள், எது சும்மா நாள் என்று என் கட்டிக்கே தெரியாதே" என்றேன்.

"அப்போ மாசம் பூரா குடோன்தான்!"

எத்தனை மாசம்?

குடோனிலிருந்து ஒரு நாள் புடவைக் கட்டைச் சுமந்து முன்பக்கம் வந்தேன். இங்கே சாங்விப் பக்கம் குடியிருக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், என் வயிற்றைப் பார்த்து, "எத்தனை மாசமுங்க? கனமெல்லாம் தூக்கலாமுங்களா?" என்றாள் பாசமாக.

"குழந்தை இல்லைங்க. இது கர்ப்பப்பைக் கட்டி. பெத்தது ஒண்ணு, அது பள்ளிக்கூடம் போயிருக்கு" என்றேன், என் இயல்பான குரலில். என் குரல் கொஞ்சம் பெரிசு. பில் போடும் இடம் வரை திரும்பிப் பார்த்தது. அவள் என்னைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"எனக்கும் இருக்குதுங்க, எங்கம்மாகிட்டகூட சொல்லலை. நீங்க என்னங்க, தள்ளுபடி அறிவிக்கிற மாதிரி சொல்றீங்க!"

டாக்டரிடம் பேரம்

கூட வேலை செய்யும் சுனந்தா தாயிதான் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். தாயி என்றால் இங்கே அக்கா. முதல் டாக்டர் ஸ்கேனைப் பார்த்த கையோடு, "ஒரு குழந்தை இருக்கே, கர்ப்பப்பையை எடுத்திடலாம்" என்றார். என் மாமியாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று பெறுவேனோ மாட்டேனோ, அதை நானல்லவா சொல்ல வேண்டும்?

இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று நின்றேன். அந்த இரண்டாவது டாக்டரம்மாவிடம், கட்டி எங்கே இருக்கிறது, அதை மட்டும் எடுக்க முடியுமா, அதுவரை ரத்தப்போக்குக்கு மாத்திரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். என் கட்டி இருக்கும் இடத்துக்கு அதை மட்டும் எடுக்கலாம் என்றார். ரத்தம் குறைவு, முதலில் இரும்புச் சத்து ஏறட்டும் என்றார். வெளியே வந்ததும் சுனந்தா தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடைக்கு வர்றவங்க எல்லாரும் உங்கிட்ட 'வேற காட்டு, வேற காட்டு'ம்பாங்க, நீ அதையே டாக்டர்கிட்ட ஆரம்பிச்சுட்டியே!"

மெரூன் இருக்கை

குடோனில் சும்மா இருக்கவில்லை. அடியில் ரெக்ஸின், நடுவில் பஞ்சு, மேலே பழைய மெரூன் போர்வை என்று உட்கார ஒரு சின்ன மெத்தை தைத்து வைத்தேன். மராத்திக்காரம்மா சொன்னபடியே திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு காட்டினாத்தான் பார்ப்பேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சேட் தானே குடோன் வாசலுக்கு வந்தார். "வர்றேன் சேட்ஜி. ஆனா என் மெத்தையோட வருவேன், திரும்ப இங்கே வர மாட்டேன்" என்றேன். முன்னால் கல்யாணக் கூட்டம். தலையாட்டினார்.

அந்த வெள்ளை நடுவே மெரூனைப் போட்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்து, அந்த மெரூன் பட்டைப் பிரித்தேன். அம்மா அதையே எடுத்தார். கடை அடைக்கும் நேரம் சேட் பக்கத்தில் வந்து இருமினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இதே மாதிரி எனக்கொண்ணு தைச்சுத் தர்றியா? பஞ்சு கொஞ்சம் கூட வை, எனக்கு மூலம்."

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்ததும் எனக்கு ஆபரேஷன். அதுவரை நானும் என் கட்டியும் பட்டுப் பிரிவில்தான், சேட்டும் அவர் மூலமும் கல்லாவில்தான், எல்லோரும் மெரூனில்தான்.