பவுடர் பூசிய நடுகல்

என் அப்பா மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். மற்ற வாத்தியார்கள் சனிக்கிழமையானால் டியூஷன் எடுப்பார்கள்; இவர் கல் தேடப் போவார். சமயநல்லூரைத் தாண்டி ஒரு காப்புக்காடு. வனத்துறையில் அனுமதி வாங்கி, ஒரு ஃபாரஸ்ட் கார்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புதருக்குள் கிடக்கும் பழைய கற்களைத் தேடிக் குறித்து வருவார். நான் அப்போது நாலாம் வகுப்பு. வீட்டில் விட்டால் அம்மாவைப் படுத்துவேன் என்று என்னையும் இழுத்துப்போவார்.

ஒருநாள் கள்ளிப் புதருக்குள் ஒரு நடுகல் அகப்பட்டது. வில்லேந்திய வீரன், தலைக்கு மேல் இரண்டு வரி வட்டெழுத்து. தேய்ந்த எழுத்தின் மேல் வெள்ளையாக எதையாவது பூசினால்தான் கண்ணுக்குப் புலப்படும். அதற்காகக் கொண்டுவரும் மைதா மாவை அன்று மறந்துவிட்டார். என் பையிலிருந்த முகப் பவுடரை வாங்கி டப்பா தீரும்வரை பூசினார். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குப் பவுடர் போன துக்கம். போனில் எடுத்த படம் கலங்கியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தார். "அதனால என்ன, கல்லு எங்க போயிரப்போகுது?" என்றார். கல்லைத் துடைக்காமல் வந்தது யாருக்கும் நினைவில்லை.

தொல்லியல் அதிகாரி நேரில் பார்த்தால்தான் கல் பதிவாகும், கண்டெடுத்தவர் பெயரும் சேரும். அப்பா பள்ளி முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். அதிகாரிக்கு நேரம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

நாங்கள் போனபோது கள்ளியை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். காட்டோரம் ஆடு மேய்ப்பவர்கள் வெள்ளை பூசிய கல்லைப் பார்த்து, திருநீறு என்றே முடிவுகட்டியிருந்தார்கள். கல்லுக்கு மாலை, வேட்டி, மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பெயின்ட். எழுத்து இருந்த இடத்தில் ஒரு திருநீற்றுப் பட்டை. கார்டு முதல் ஆளாக பூட்ஸைக் கழற்றினார்.

"எழுத்து எங்க சார்? பெயின்ட்டச் சுரண்டிப் பாத்துருவமா?" என்றார் அதிகாரி.

விளக்கேற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் பதறி எழுந்து வந்தாள். இடுப்பில் மெலிந்த பெண் குழந்தை. "சாமிய ஒண்ணும் பண்ணிராதீகய்யா. ஆஸ்பத்திரியில கைய விரிச்ச புள்ள. இங்க வந்து கும்பிட்டப்பறந்தான் கண்ணு முழிச்சா."

அப்பா கல்லைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "எழுத்து இல்ல சார். வெறுங் கீறல நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்," என்றார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வரிகளின் முதல் எழுத்தை என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டியவரே அவர்தான். பொய் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு சண்டே ஸ்கூலில் பாடம் நடத்தியவரும் அவர்தான். ஆடு மேய்ப்பவர்களுக்குப் பயந்து அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்து, வீடு வந்து சேரும்வரை அவரோடு நான் பேசவேயில்லை.