கெட்டி எண்ணெயும் கார்த்திகை விளக்கும்

நான் பயந்தாங்கொள்ளி. இதை என் மனைவி சொன்னால் கோபம் வரும். நானே சொல்லிக்கொண்டால் வராது. தொண்ணூறுகளின் நடுவில், கீழ்பென்னாத்தூர் சாலையில் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையில் இன்ஜினியராக இருந்தேன். எண்ணெயில் இருக்கும் அமிலத்தைப் பிரித்தெடுக்க ஒரு டவர் வடிவமைப்பது என் வேலை.

டவர் என்றால் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் இரும்புக் குழாய். மேலிருந்து எண்ணெய் இறங்கும், கீழிருந்து ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், ஏறும். வழியில் இரண்டும் உரசிக்கொள்ளும்போது அமிலம் ஸ்பிரிட்டுக்குப் போய்விடும். தண்ணீர் மாதிரி ஓடுகிற சரக்கென்றால் என் தூக்கம் கெட்டிருக்காது. தவிட்டெண்ணெயோ குளிர்ந்தால் கூழ். தானாகக் கலக்காது என்று உள்ளே ஓட்டை போட்ட தட்டுகளை அடுக்கி, அவற்றை மேலும் கீழும் ஆட்ட ஒரு மோட்டார் வைத்தேன். மெதுவாக ஆட்டினால் கலக்காது. வேகமாக ஆட்டினால் கடைந்த மோர் மாதிரி ஆகிப் பிரியாது. எண்ணெய் சூடாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கெல்லாம். சூடு போனால் எண்ணெய் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். பிறகு இரண்டும் சேர்ந்து உச்சி வழியாகப் பொங்கும். படம் வரையும்போதே இதற்குத்தான் பயந்தேன். ஸ்பிரிட்டில் பிடித்த நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

பயந்தது கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் நடந்தது. தூறலும் ஊதல்காற்றுமாக இருந்தது. பாய்லர்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், யாரிடமும் சொல்லாமல் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது டவரின் உச்சியிலிருந்து மஞ்சள் நுரை வழிந்துகொண்டிருந்தது. கேட்டுப் பக்கம் ஓடி மெயின் கரண்டை அணைத்தேன். திரும்பி வந்து வால்வை மூடுவதற்குள் அந்த நுரையில் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டேன்.

அப்போதுதான் சுவரோரம் பார்த்தேன். வாட்ச்மேனின் மனைவியும் நாலைந்து பெண்களும் டவரின் அடிவரை அகல்களை வரிசை வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, கையில் தீப்பெட்டியோடு மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் மலையுச்சியில் தீபம் தெரியும்வரை யாரும் விளக்கேற்ற மாட்டார்கள். தெரிந்துவிட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்க மாட்டார்கள்.

"ஏத்தாதீங்கம்மா! ஸ்பிரிட் கொட்டிக் கெடக்குது!"

"இன்னா சார் இது? தீபத்தன்னிக்கு ஏத்தாம உட்டா ஆவுமா? ஒரே ஒரு வெளக்குனா வெச்சிடறேன்" என்றாள் வாட்ச்மேனின் மனைவி.

"ஒண்ணு ஏத்துனாலும் நாம யாரும் மிஞ்ச மாட்டோம்மா."

அவள் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஏய், தீப்பெட்டியெல்லாம் கேட்டுக்கு வெளிய எடுத்துனு போங்கடி!" என்று கத்தினாள். பிறகு எல்லோருமாகக் குடம் குடமாகத் தண்ணீர் அடித்து ஊற்றினோம். ஸ்பிரிட் தண்ணீரில் கரைந்து வீரியம் இழக்கும் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த தைரியம்.

பாதி ஊற்றும்போதே "அரோகரா" என்று ஊரே முழங்கியது. மலையில் தீபம் தெரிந்தது. சாலை நெடுக விளக்குகள் எரிய, எங்கள் ஆலை மட்டும் இருண்டு கிடந்தது. எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன்.

ஒருவழியாக நெடி அடங்கியது. எதிர்ச்சாரியில் இருந்த என் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் என் மகள் நின்றிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

"அப்பா, பாரேன், நானே ஏத்துனேன்!"

எரியும் அகலை ஒரு கையில் பிடித்து, மறுகையால் காற்றுக்கு மறைத்தபடி ஓடி வந்தாள். அந்தக் காற்றில் என் சட்டையின் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது.

"நில்லு! கிட்ட வராத!"

நான் பின்வாங்கி ஓடினேன். விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே துரத்தினாள். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு கழலவே இல்லை. "ஊது! வெளக்க ஊதி அணை!" என்று வாசலுக்கு வந்த மனைவியைப் பார்த்து அலறினேன்.

அவள் சாதாரண நாளிலேயே விளக்கை வாயால் ஊதக் கூடாது என்பவள். அன்று தெருவே பார்க்க ஓடிவந்து, குழந்தையை இடுப்போடு பிடித்திழுத்து, மலையில் தீபம் எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த அகலை ஊதி அணைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், ஊதினாள்.