ஒரு மடக்கு டீ நேரம்

செய்தி வந்தபோது நான் தில்லி கரோல் பாக் மெட்ரோவில் இறங்கிக்கொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எங்கள் இன்ஜினியர் அபிஷேக் இந்தியில் ஒரே வரி போட்டிருந்தான்: கோமதி மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்குக் கீழே யாரோ பழக்க தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, பதறிப்போய் அழித்திருந்தார்கள். கோமதி அக்கா பார்த்திருந்தால் அன்று முழுவதும் சிரித்திருப்பார். நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு ரயில்கள் போனபின்தான் எழுந்தேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கோமதி அக்கா திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். அப்பாவின் மத்திய அரசு உத்தியோகத்தால் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். 'கூடப்படி' என்ற கைபேசிச் செயலியைத் தொடங்கி நடத்தியவர். வீட்டு வேலைக்குப் போகும் அம்மா திரும்பி வந்ததும், வீட்டிலிருக்கும் அந்த ஒற்றை போனில் பிள்ளைகள் காதால் கேட்டுப் படிக்கும் கணக்குப் பாடங்கள், தமிழிலும் இந்தியிலும். அவற்றை எழுதியதும் தமிழில் குரல் கொடுத்ததும் நான்.

அதற்கு முன் அவர் ஒரு பெரிய கோச்சிங் கம்பெனியில் இருந்தார். முதலில் பட்டனைத் தட்டும் மாணவனுக்கே மதிப்பெண் என்ற போட்டி மென்பொருளை அவர்தான் செய்தார். நன்றாகவே செய்து, பதவி உயர்வும் வாங்கினார். ஒருநாள் கணினிப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கடைசியில் கிடந்த பிள்ளைகளில் பலர் சரியான விடையைப் பாதி தட்டியிருக்கிறார்கள். வேறு யாரோ முந்தியதும் அழித்திருக்கிறார்கள். "மக்குன்னு நாங்க ஒதுக்கி வச்சிருந்த பிள்ளைகளுக்குப் பூரா விடை தெரிஞ்சிருக்குடே" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மாதமே வேலையை விட்டார். அவருடைய அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

என்னை வேலைக்கு எடுத்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். "எதுக்கு இந்த வேலைக்கு வாரீங்க?" என்று கேட்டார். சமூக அக்கறை, கல்வி என்று தயாரித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. பழைய முதலாளியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றேன். அப்போதும் பார்த்தார். சின்னப் பிள்ளைகளோடு எனக்கு அவ்வளவாக ஒத்துவராது என்றும் உளறினேன். "சரி, திங்கக்கிழமை வந்திருங்க. ரெண்டாவது சொன்னதுதான் நிஜம்" என்றார்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் அவருடைய முழு வியாபாரமும். பாடத்தில் ஒரு கேள்வி வந்தால், பிள்ளை யோசித்துச் சொல்ல இடம் விட வேண்டும். அந்த இடத்தைக் கணினியில் வெட்டி ஒட்ட அவர் சம்மதிக்கவே மாட்டார். ஒலிப்பதிவு அறையில் எனக்கு எதிரே டீ கிளாஸோடு உட்காருவார். நான் கேள்வியை முடித்ததும் ஒரு வாய் டீ எடுத்து, ருசித்து, விழுங்கி, பிறகு தலையசைப்பார். அதற்குப் பின்தான் நான் வாயைத் திறக்கலாம். "நீ நிஜமா காத்திருந்தாத்தான் அடுத்த வார்த்தை நிதானமா வரும்" என்பார். கம்பெனியில் அதற்குப் பெயரே 'மடக்கு' என்றாகிவிட்டது. பிகாரிலிருந்து வந்த அபிஷேக் நிரலிலேயே அந்தச் சொல்லை எழுதி வைத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். ஒரு நாள் பதிவு முடிவதற்குள் அக்கா குடித்த டீக்கு அளவே கிடையாது. சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம், இது அலுவலகப் பணி என்று வாதாடியவர் அவர்.

சேர்ந்த புதிதில் அபிஷேக் ஒரு கைங்கரியம் செய்தான். பாடங்களின் அளவைக் குறைக்கிறேன் என்று, சத்தமில்லாத இடங்களையெல்லாம் தானாகவே நீக்கும் மென்பொருளை ஓடவிட்டான். எல்லா மடக்கும் போயே போய்விட்டது. மறுநாள் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "இன்னாங்க, உங்க சாருக்கு அப்பிடி இன்னா அவசரம்? புள்ள வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டுப் பூடறாரு. டிரெயின் புடிக்கணுமா அவரு?" அக்கா அதை அபிஷேக்குக்கு இந்தியில் சொல்லிக் காட்டியபோது சிரிப்பில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. திட்டவே இல்லை. அவனாகவே உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி ஏற்றினான்.

பிறகு அந்த குர்காவ் நாள். கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள அங்குள்ள ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மடக்கை எடுத்துவிட வேண்டும், பிள்ளைகள் பாடத்தை விட்டு ஓடுவது அந்த இடத்தில்தான் என்றார்கள். அக்கா ஒரு இந்திப் பாடத்தைப் போட்டுக் காட்டினார். நாலு பேருக்கு ஆளுக்கு மூன்று ரொட்டி, மேலே இரண்டு, மொத்தம் எத்தனை? அறை அமைதியானது. அந்த அமைதியில் அவர்களுடைய தலைவரே, தன்னை மறந்து, "சௌதா", பதினாலு, என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இருந்தாலும் எடுத்துவிடுங்கள் என்றார். அக்கா கும்பிட்டு எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் டாக்சியில், "இனிமே என்னக்கா பண்றது?" என்று கேட்டேன். "தெரியலைடே. நான் பிடிவாதம் பிடிக்கது வெறும் வீம்பா இருந்துட்டா, உங்க எல்லார் பொழப்பையும் கெடுத்தவளாயிருவேன். அதான் பயமா இருக்கு" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். சம்மதித்திருக்கலாமே என்று எனக்கே தோன்றியது. கண்ணாடி வைத்த அலுவலகத்தை விட்டு புசா ரோடு பக்கம் இரண்டு அறைக்கு மாறினோம். சில பள்ளிகள் பாடங்களை வாங்க ஆரம்பித்தன. எப்படியோ வண்டி ஓடியது.

கேம்ப் இடிக்கப்பட்டு, அங்கிருந்த பலர் ஊரின் கடைக்கோடியிலிருக்கும் நரேலாவுக்குப் போனபின், அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பழைய பள்ளிக்கூடம் இப்போது எங்கோ இருந்தது. மாடிப்படியில் பவித்ரா என்ற சிறுமி அம்மாவின் போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினெட்டுப் பூரியை மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? "அஞ்சு" என்றாள். போன் பேசாமல் இருந்தது. அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "இல்ல இல்ல, ஆறு." அதற்குப் பிறகுதான் என் குரல், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்றது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "வீம்பு இல்லைடே" என்றார். கண் நிறைந்திருந்தது. கீழே இறங்கியதும் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். எங்களுக்கு மட்டுமல்ல, படியில் நின்ற எல்லாருக்கும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இதுதான்: கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. எனக்கு இப்போது சின்னப் பிள்ளைகளோடு ஒத்துப்போகிறது என்றால் அதனால்தான். என் மனைவி இதை இன்னும் நம்பவில்லை. அவளிடம் பேசும்போது அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை என்கிறாள். போகட்டும், வரும்.

காரியங்கள் முடிந்து அலுவலகம் திறந்த அன்று, பாதியில் நின்ற பின்னப் பாடத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். நான் கேள்வியைக் கேட்டேன். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அபிஷேக் பதிவை நிறுத்திவிட்டுக் கீழே போனான். அவன் டீயே குடிக்கமாட்டான், வயிற்றுக்கு ஆகாது. ஒரு கிளாஸ் டீயோடு திரும்பி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "பூச்சியே பையா" என்றான், கேளுங்கள் அண்ணா என்று. நான் மறுபடி கேள்வியைக் கேட்டேன். அவன் ஒரு மடக்கு எடுத்து, முகத்தைச் சுளிக்காமல், அவசரப்படாமல் விழுங்கினான். பிறகு தலையசைத்தான்.