பாக்கு விலை கேட்கப் பினாங்கு போனோம்

கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. விவசாய மாணவர்களின் இறுதி வகுப்புக்கு நான் விவசாயப் பொருளாதாரம் நடத்துகிறேன். மண் பாடம் நடத்துகிறவர் மண்ணைக் கொண்டுவந்து காட்டுவார். பூச்சிப் பாடக்காரருக்குப் பூச்சி இருக்கிறது. எனக்குக் கரும்பலகையும் சாக்கட்டியும்தான். வரத்து ஒரு கோடு, தேவை ஒரு கோடு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை. வருஷா வருஷம் இதைப் போட்டுக் காட்டித்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சென்ற மாசி மாதம் சுப்பிரமணியம் என்ற மாணவன் எழுந்து, "சார், பாக்குக்கு அந்தப் புள்ளி எந்த ஊர்ல இருக்குதுங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

பிறகு தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானிக் கரையில், அவன் அப்பாவுக்குப் பாக்குத் தோட்டம் இருக்கிறது. கப்பல் பாக்கு மலிவாக வந்து இறங்குவதால் உள்ளூர்ப் பாக்கைச் சீந்துவார் இல்லை. சர்க்கரை ஆலை வரப்போகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொள்ள, மரங்களை வெட்டிவிட்டுக் கரும்பு வைப்பதென்று அப்பா முடிவு கட்டியிருந்தார். மகன் மன்றாடியதில், "கோடை லீவு முடியற வரைக்கும் பொறுக்கறேன். விலை ஏறுமா ஏறாதான்னு உன் வாத்தியாரைக் கேட்டுச் சொல்லு" என்றாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாடத்தைக் கேட்டு இதுவரை யாரும் ஒரு கத்தரிச் செடியைக்கூடப் பிடுங்கியதும் இல்லை, நட்டதும் இல்லை. இப்போது ஒரு தோட்டமே என் வாய்ச்சொல்லுக்குக் காத்து நிற்கிறது. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். கப்பல் பாக்கில் பெரும்பகுதி பினாங்கிலிருந்து வருகிறது, அங்கேயே போய்ப் பார்த்துவிடலாமே என்று ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். பையனுடைய செலவுக்கு அப்பா பணம் கொடுத்தனுப்பினார். சித்திரைக் கடைசியில் இருவரும் கிளம்பினோம்.

போக நினைப்பவர்களுக்காக வழியைச் சொல்கிறேன். கோவையிலிருந்து திருச்சி வழியாக நாகப்பட்டினத்துக்கு ரயில். அங்கே கப்பல் கரைக்கு வருவதில்லை. படகில் போய் ஏற வேண்டும். கடல் ஆறு நாள். டெக்கில் போனால் கட்டணம் பாதிக்கும் குறைவு. ஆனால் டெக் பிரயாணிகளைப் பினாங்குக்கு எதிரில் உள்ள ஜெரஜா தீவில் இறக்கி, நோய் இல்லையென்று தெரியும்வரை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். லீவு நாட்களைத் தீவில் கழிக்க மனமில்லாமல் நாங்கள் இரண்டாம் வகுப்பு எடுத்தோம். சுப்பிரமணியம் முதல் இரண்டு நாளும் தலை தூக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கப்பலில் மூட்டை ஒன்றுக்கு என்ன கூலி என்று மாலுமிகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். என் மாணவன்தான்.

பினாங்கில் காலை ஏழு மணிக்கு இறங்கினோம். துறையிலிருந்து பினாங்குத் தெருவுக்கு ரிக்ஷா பதினைந்து காசு. நூறு காசு ஒரு வெள்ளி, ஒரு வெள்ளிக்கு நம் பணத்தில் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். தெரிந்த செட்டியார் ஒருவர் சொல்லி வைத்திருந்ததால், கிட்டங்கி என்று அவர்கள் சொல்லும் அவருடைய தொழிற்கூடத்தின் மாடியில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. கீழே ஒரே நீளக் கூடத்தில் பல வட்டிக்கடைகளின் ஏஜெண்டுகள் ஆளுக்கொரு பெட்டியும் மேசையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் தொழில் நடத்தும் இடத்தில் எழுதுகிற சத்தம்தான் கேட்கும். என் வகுப்பு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

பினாங்கு என்றால் மலாய் மொழியில் பாக்கு. பெயர்தான் அப்படியே தவிர, அங்கே விற்கும் பாக்கில் பெரும்பகுதி அங்கே காய்ப்பதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் அச்சே கரையிலிருந்து படகு படகாக வருகிறது. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் கொட்டி, உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, நம் நாட்டுக்கும் மற்ற நாடுகளுக்கும் ஏற்றுகிறார்கள். பூசணம் பிடித்தது ஒரு குவியல், பிளந்தது ஒரு குவியல், முழுக்காய் ஒரு குவியல். சுப்பிரமணியம் ஒரு காயைக் கடித்துப் பார்த்து, "நம்ம காய்ல பாதி கூட இல்லீங்க சார்" என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது.

நாங்கள் வேலையைப் பாடப்படி ஆரம்பித்தோம். தெருவுக்கு இத்தனை கடை என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு, தினமும் அதே கடைகளில், அதே நேரத்தில், அதே சரக்குக்கு விலை கேட்பது. மரியாதையாக இருக்கட்டுமென்று நான் கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையும் அணிந்து, கையில் குடையோடு போவேன். சுப்பிரமணியம் பின்னாலேயே வந்து விலையைக் குறித்துக்கொள்வான். தவுக்கே எனப்படும் சீன முதலாளிகளும் நம் மரைக்காயர்களும் நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்கள். வியாபாரிகளுக்குப் படிப்பின்மேல் இவ்வளவு மரியாதையா என்று நான் நெகிழ்ந்து போனேன்.

முதல் நாள் பிளவுப் பாக்கு பிக்கல் ஒன்றுக்கு மூன்று வெள்ளி இருபது காசு. பிக்கல் என்பது நூற்று முப்பத்து மூன்று ராத்தல் சொச்சம். மறுநாள் இருபது காசு ஏறியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் ஏறியது. சுப்பிரமணியத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

இடையில் ஒருநாள் பாலிக் புலாவுக்குப் போனோம். தீவின் மறுபக்கம், மலையைச் சுற்றிக்கொண்டு இருபது மைலுக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். வளைவுகளில் சாப்பாடு தொண்டைக்கு வரும். ஆனால் அவசியம் போங்கள். ஜாதிக்காயும் டுரியானும் ஒரே சரிவில் நிற்கின்றன. ஓடைக்கரையில் பாக்கு வரிசை. ஒரு மலாய்த் தோட்டக்காரர் ஜாதிக்காய் ஊறுகாய் கொடுத்து உபசரித்தார். அதைத் தின்றுகொண்டே திரும்பிப் பார்த்தால் சுப்பிரமணியத்தைக் காணோம். மேலேயிருந்து, "சார்" என்றான். கால்களில் கயிற்று வளையம் மாட்டி ஒரு பாக்கு மரத்தின் உச்சியில் இருந்தான். நான் ஏதும் சொல்வதற்குள் மரத்தை உடம்பால் ஆட்டி, வளைத்து, பக்கத்து மரத்தைப் பிடித்து அதற்குத் தாவிவிட்டான். அங்கிருந்து அடுத்தது. தரையைத் தொடாமல் ஓடைக்கரை முழுக்கப் போய்த் திரும்பினான். தோட்டக்காரர், "பாகுஸ், பாகுஸ்" என்று கைதட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது.

இறங்கியதும் வேட்டியைத் தட்டிக்கொண்டே, "எங்க தோட்டத்துல காலைல ஏறுனா மத்தியானம்தான் எறங்குவேனுங்க" என்றான். வகுப்பில் இவ்வளவு உற்சாகமாக அவனை நான் பார்த்ததில்லை.

டவுனுக்குத் திரும்பி மறுநாள் காலை விலை கேட்டோம். நான்கு வெள்ளிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. கிட்டங்கி மாடியில் அவனை உட்கார வைத்து, தேவைக் கோடு எப்படி நகர்ந்திருக்கிறது என்று கரித்துண்டால் தரையில் வரைந்தே காட்டினேன். அவன் நேரே தபாலாபீசுக்குப் போய் அப்பாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டான். விலை ஏறுகிறது, வெட்ட வேண்டாம்.

மத்தியானம் வழக்கம்போலச் சூலியா தெருவில் காதர் பாயின் கடைக்குச் சாப்பிடப் போனோம். வெயிலுக்குப் பயந்து அங்கே நான் வேட்டி, சட்டையோடுதான் போவது. கோட்டோடு அவர் என்னைக் கண்டதில்லை. ஊரிலிருந்து வந்த வாத்தியார் என்று மட்டும் தெரியும். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "வாத்தியாரய்யா, பாசார்ல ஒரே பேச்சுலா" என்றார்.

"என்ன பேச்சு, பாய்?"

"மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய பாக்குக் கம்பெனி ஆளு வந்திருக்காராம், கணக்கப்பிள்ளையும் கூட. தினம் எல்லாக் கடையிலயும் வெலை கேக்குறாரு, குறிச்சுக்கிறாரு, ஒரு மூட்டை வாங்க மாட்டேங்குறாரு. வாங்காமப் போறவந்தான் பெரிய ஆளு, மொத்தமா அள்ளப் போறான்னு தவுக்கேங்க எல்லாம் சரக்கைப் பிடிச்சு வச்சிட்டானுங்க. வெலை ஏறுது."

"ஆள் எப்படி இருப்பாராம்?"

"கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பா. மழையே இல்லாட்டியும் குடை."

சோறு கையிலேயே நின்றுவிட்டது. சுப்பிரமணியத்தைப் பார்த்தேன். அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் தேவை கூடியிருக்கலாம், அச்சேயில் மழை பொய்த்திருக்கலாம் என்றெல்லாம் காலையில் நான் அடுக்கிய காரணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. காரணம் நான்தான், என் குடையும்தான். சந்தையை அளக்கப் போனவன் சந்தையையே கலக்கிவிட்டேன்.

"பாய், அந்த ஆள் நான்தான்" என்றேன்.

காதர் பாய் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சுப்பிரமணியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சாயந்திரம் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் சுப்பிரமணியம், "இது உங்க பாடத்துல எங்க சார் வருது?" என்றான். கோபத்தில் சத்தம் போட்டிருந்தால் தேவலை. அமைதியாகத்தான் கேட்டான். வரவில்லை என்றேன். மறுபடியும் தபாலாபீசுக்குப் போனோம். அவனே எழுதினான். முந்தைய செய்தி தவறு, விலை ஏறவில்லை, உங்கள் இஷ்டம். கடைசிச் சொல்லை எழுதும் முன் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே மெட்ராஸ்காரர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டதாகச் சூலியா தெருவில் செய்தி பரவியது. மானம் போனாலும் வாத்தியார் புத்தி போகவில்லை. கோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து காதை மட்டும் தீட்டி வைத்தேன். இரண்டே நாளில் விலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. ஏறியதைவிட வேகமாக இறங்கியது. பிடித்து வைத்தவர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு விற்றார்கள். இத்தனை வருஷம் பாடம் நடத்தி நான் அறியாதது இது: விலையைக் கேட்கிறவனும் விலையில் சேர்ந்தவன். சுப்பிரமணியத்திடம் சொன்னேன். விலைக் குறிப்புக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டான்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். டுரியான் வேண்டுமானால் ஆனி, ஆடியில் போங்கள். ஆயர் ஈத்தாமில் உள்ள சீனக் கோயிலுக்கு டிராம் இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு மலை ரயிலில் மேலே ஏறிப் பாருங்கள், போர்வை அவசியம். ஜாதிக்காய் ஊறுகாயை டவுனில் வாங்காதீர்கள், பாலிக் புலாவில் பாதி விலை. சைவச் சாப்பாடு பினாங்குத் தெருவிலேயே கிடைக்கும். கடைவீதியில் ஒன்றும் வாங்கும் உத்தேசம் இல்லையென்றால் சாதாரண சட்டையில் போங்கள். யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

திரும்பியதும் பையனைத் தனியாக அனுப்ப மனம் ஒப்பவில்லை. நடந்ததை அவன் அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று மேட்டுப்பாளையம் வரை கூடவே போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடை. சுப்பிரமணியம் எனக்கு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டான். எதிரே வெறும் வானம். கீழே வரிசை வரிசையாக அடிக்கட்டைகள். நடுவில் ஏர் ஓட்டிய இடமும் இருந்தது.

அவன் அப்பா வரப்பிலிருந்து வந்து கும்பிட்டார். நான் தந்திகளைப் பற்றித் தடுமாறிக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ரெண்டும் வந்துதுங்க வாத்தியாரே. தபால்காரரே படிச்சுச் சொன்னாருங்க" என்றார். "நீங்க கப்பலேறுன வாரமே வெட்டிப்போட்டனுங்க."

"லீவு முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னீர்களாமே."

"சொன்னனுங்க. இவன் இங்க இருந்தா மரத்தைக் கட்டிப் புடிச்சுட்டு நிப்பானுங்க. பாத்துட்டு நிக்கவும் இவனால ஆவாது. அதுக்குத்தானுங்க உங்ககூட அனுப்புனது."

சுப்பிரமணியம் கட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டிருந்தான். திரும்பவில்லை. அவர் அவனைப் பார்க்காமலே இருந்தார். என் பக்கம் நெருங்கி வந்து, அவன் காதில் விழாதபடி கேட்டார்.

"அங்க மரமெல்லாம் எப்படீங்க? நம்முளதாட்டம் உசரமுங்களா?"



"இல்லை கவுண்டரே. உங்கள் மரங்களுக்குப் பக்கத்தில் வராது" என்றேன். அவருடைய மரங்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.