றெக்ஸ் எடுத்த ஒரு விக்கெட்

ஜேர்மனியின் பான் நகர மைதானத்தின் வாசலில் ஒட்டியிருந்த தமிழர் கிரிக்கெட் போட்டி நோட்டீஸைப் பார்த்ததும் றெக்ஸ் நின்றுவிட்டார். அவருடைய படத்தின் கீழே, 'இலங்கைத் தேசிய அணியின் முன்னாள் வீரர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அவர் தேசிய அணியில் ஆடியவரல்லர். மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய், ஒரு கழகத்துக்காக இரண்டே இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டாவது ஆட்டம் முடிந்த கிழமை இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடிபட்டார். பதினொரு நாள் கழித்து வெளியே வந்தவர் மூன்றாவது ஆட்டத்துக்குப் போகவில்லை. பிராங்பேர்ட்டுக்கு வந்து, விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலையில் சேர்ந்தார்.

பிறகு ஒரு கலியாண வீட்டில் அறிவிப்பாளர் ஒருவர் அவரைத் தேசிய வீரராக்கினார். றெக்ஸ் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து எந்த மேடையிலும் அதே பட்டம்தான். தான் உண்மையில் ஆடிய இரண்டு ஆட்டங்களைப் பற்றிப் பேசவே முடியாமல் போயிற்று. பேசினால் பொய் வெளிப்பட்டுவிடும்.

"இண்டைக்குச் சொல்லப்போறன்," என்றார் மனைவி பிறேமாவிடம்.

"இருபது வருசம் பேசாமல் இருந்திட்டு இப்ப ஏனப்பா? ஆக்கள் சிரிக்கப்போகினம்."

"சிரிக்கட்டும்."

போட்டியை நடத்திய சுதீர் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தான்.

"நான் தேசிய அணிக்கு விளையாடேல்லை," என்றார் றெக்ஸ். "கழகத்துக்கு ரெண்டு மேட்ச். அவ்வளவுதான்."

"நோட்டீஸ் எல்லாம் அடிச்சுப்போட்டமே அண்ணை," என்று சுதீர் காதருகே முனகினான். பிறேமா நிலத்தைப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், துடுப்பாட்டக் கால்கவசத்தோடு எழுந்தாள். பெண்கள் அணித் தலைவி சஜிதா.

"ரெண்டு மேட்சில எத்தினை விக்கெட் அண்ணை?"

"ஒண்டு."

"எப்பிடி எடுத்தனீங்கள்?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"ஓஃப் ஸ்பின். ஆள் முன்னுக்கு வந்து அடிக்கப் பாத்தவர். பந்து வெளியில விழுந்து உள்ளுக்குத் திரும்பி, மட்டைக்கும் காலுக்கும் நடுவாலை பூந்து..."

பொன்னாடை நழுவி விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. ஒலிவாங்கியை இரண்டு விரல்களுக்கிடையே பந்துபோல் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டே தொடர்ந்து பேசினார்.

"அண்ணை, மைக்கை வாயில வையுங்கோ!" என்று கூட்டம் கத்தியது. "ஒண்டும் கேக்கேல்லை! முதல்ல இருந்து சொல்லுங்கோ!"